இடப்பக்கம் இழுத்த லோரி

சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் ஒரு மோட்டார் பட்டறைக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது. சக்கரத்தை அதில் மாட்டிச் சுழலவிட்டால், எந்தப் பக்கம் கனம் என்று ஒரு முள் காட்டிவிடுகிறது. போன மாதம் என்னை அழைத்துக் காட்டினார்கள். ஓய்வுபெற்றவனுக்கு இந்த மாதிரி மரியாதை அடிக்கடி கிடைக்கும். அவன் எதையும் தொடமாட்டான் என்ற நம்பிக்கைதான் காரணம். பார்த்து முடித்ததும் அங்கிருந்த பிட்டர்களில் ஒருவர் கேட்டார்: "இது இல்லாத காலத்துல வண்டி ஏன் நடுங்குது, ஏன் ஒரு பக்கமா இழுக்குதுன்னு எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க? எழுதிக் கொடுங்களேன், நீங்கதான் நல்லா எழுதுவீங்களே."

நல்லா எழுதுவேன் என்பது உண்மைதான். அதனால் வந்த கெடுதலையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் படிப்புக் காலத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சிரம்பானில் ஆறு வருஷம் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். பிறகு கோலா பிலா ரோட்டில் ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை. முதல் வாரத்தில் பெரிய கிராணி எழுதிய கடிதத்தில் மூன்று இங்கிலீஷ் பிழைகளைத் திருத்தினேன். இரண்டாம் வாரத்தில் என்னை ரப்பர் பாலைத் தகடாக்கும் ஸ்டோரின் என்ஜின் அறைக்கு மாற்றினார்கள். அங்கே எண்ணெய் துடைத்தேன், கரி அள்ளினேன், விரல் நகம் இரண்டை இழந்தேன். தோட்டத்துக்கு லோரி வந்தபோது பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் ஆனது இப்படித்தான். ஆசைப்பட்டு ஆனதாக யாரிடமும் சொன்னதில்லை.

பட்டறைக்குத் தலைவர் அருணாசலம் அண்ணன். தோட்டத்தில் அவரைப் பெரிய பிட்டர் என்பார்கள். படித்தவர் இல்லை. குட்டையான ஆள், எப்போதும் ஈரமாக இருப்பதுபோல ஒரு முகம். வண்டி ஓட்டுபவன் சொல்லும் குறையை அவர் காதில் வாங்கவே மாட்டார். பட்டறைச் சுவரில், இடுப்பு உயரத்தில், உடைந்த காரிலிருந்து கழற்றிய ஸ்டியரிங் வட்டம் ஒன்றை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அதற்கு முன்னால் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டி. யார் வந்து என்ன சொன்னாலும், "வாயால சொல்லாதே. உக்காரு. கையால காட்டு" என்பார்.

டிரைவர் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மைல் மைலாக மனசுக்குள் ஓட்டியபடி, ஸ்டியரிங் கையில் என்ன செய்தது என்று காட்ட வேண்டும். அண்ணன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். சின்னதாக, வேகமாக அதிர்ந்தால் சக்கரம் ஒரு பக்கம் கனம். இடமும் வலமுமாக அகலமாக ஆடினால் அச்சு முனையில் தேய்மானம். ஒரே பக்கம் நிதானமாக இழுத்தால் டயரில் காற்று, அல்லது பிடித்துக்கொண்ட பிரேக், அல்லது இடம் மாறிய அச்சு. முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கணிப்பு தவறி நான் பார்த்ததில்லை. சிரிப்பை மட்டும் விடவில்லை.

ரப்பர் விலை தரைக்கு வந்திருந்த காலம் அது. ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். புது லோரி வாங்கும் பேச்சே இல்லை. அதற்குப் பதிலாகக் கம்பெனி புதுச் சக்கரங்களை அனுப்பியது. பழைய மரக்கால் சக்கரமும் கல்லாகக் காற்றடிக்கும் ஒல்லி டயரும் போய், சின்ன இரும்புச் சக்கரமும் குறைந்த காற்றில் ஓடும் கொழுத்த டயரும் வந்தன. குலுக்கல் குறையும், வண்டி இன்னும் ஐந்து வருஷம் ஓடும் என்று கடிதத்தில் இருந்தது. மாட்டினோம். லோரி இருபது மைல் வேகம்வரை பட்டு மெத்தைபோலப் போனது. இருபத்தைந்தைத் தொட்டதும் முன்சக்கரம் இரண்டும் பேய் பிடித்ததுபோல ஆட ஆரம்பித்தன. போதாததற்கு வலப்பக்கமாக இழுத்தது.

லோரியை ஓட்டியவன் காத்தான். என் வயதுக்காரன், நீளமான கை, அதைவிட நீளமான நாக்கு. சனிக்கிழமை கள்ளுக்கடைக்குப் போவான், அதை யாரிடமும் மறைத்ததில்லை. எனக்கு அவன் வைத்த பெயர் புத்தகம்.

"ஏ புத்தகம், இது டயரா, பூசணிக்காயா? கையில பிடிக்க முடியல. பல்லு ஆடுது. உன் ஏட்டுல இதுக்கு என்ன போட்டிருக்கு?"

"முதல்ல பெட்டியில உக்காரு" என்றார் அண்ணன்.

அடுத்த நான்கு நாள் நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். பிட்டர்கள் கேட்டது இதைத்தான். முதலில் காற்று. பழைய டயருக்கு அடிக்கும் பழக்கத்தில் புதுசையும் கல்லாக அடித்து வைத்திருந்தோம், அதுவும் இடமும் வலமும் சமமில்லாமல். அளவு பார்த்துச் சமமாக்கினோம். பிறகு இரண்டு முன்சக்கரங்களையும் பக்கம் மாற்றி மாட்டினோம். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில், மாறாவிட்டால் வண்டியில். லேசாக இடப்பக்கம் மாறியது. அந்த டயரைப் பின்னால் போட்டோம், இழுப்பு போயிற்று. பிறகு முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைச் சுழலவிட்டு, விளிம்புக்கு அருகில் அசையாமல் சாக்கட்டி பிடித்தோம். எந்த இடத்தில் சாக்கட்டி படுகிறதோ அங்கே வளைவு. அதை நிமிர்த்தினோம். பிறகு சக்கரத்தை அதன் போக்கில் நிற்கவிட்டோம். கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில் மீன்வலை ஈயத்தைக் கட்டினோம். எங்கு சுழற்றிவிட்டாலும் அங்கேயே நிற்கும்வரை ஈயத்தைச் சீவிக்கொண்டிருந்தார் அண்ணன். கடைசியாக ஒரு மூங்கில் குச்சியை வெட்டி, இரண்டு சக்கரங்களுக்கும் இடையே முன்னாலும் பின்னாலும் வைத்து, நேராக நிற்கின்றனவா என்று பார்த்தோம்.

பாதி நடுக்கம் போயிற்று. மீதிப் பாதி போகவில்லை.

இங்கேதான் என் படிப்பு உள்ளே நுழைந்தது. கொழுத்த டயர் மாட்டினால் முன் அச்சைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும் என்று டயரோடு வந்த இங்கிலீஷ் தாளில் இருந்தது. அச்சுக்கும் அதன்மேல் இருக்கும் பட்டை ஸ்பிரிங்கான வில்லுக்கும் நடுவே மெல்லிய இரும்பு ஆப்பு வைத்தால் சாய்ந்துவிடும். நானே அரம் போட்டு இரண்டு ஆப்பு செய்தேன். அச்சையும் வில்லையும் சேர்த்துக் கட்டியிருக்கும் யு வடிவப் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஆப்பைச் செருகி, திரும்ப இறுக்கினேன்.

லோரி முப்பது மைலில் போயிற்று. ஸ்டியரிங்கில் ஒரு கோப்பைத் தேநீரை வைத்தாலும் சிந்தாது என்று காத்தானே சொன்னான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்து பார்த்துவிட்டு, "நல்ல வேலை" என்றார். தோட்டத்தில் துரையிடமிருந்து இரண்டு சொல் வாங்குவது பத்து வருஷ உழைப்பு. அன்று முழுவதும் நான் கொஞ்சம் உயரமாகவே நடந்தேன்.

அண்ணன் மட்டும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "வில்லுக்கு நடுவுல இருக்கிற ஆணியோட தலை முன்னே அச்சுக் குழியில உக்காந்திருந்துச்சு. இப்ப ஆப்பு உசரத்துல தலை எட்டல. போல்ட்டு பிடியில மட்டும்தான் அச்சு நிக்குது. நீள ஆணி சொல்லிவிடணும். அது வர்ற வரைக்கும் ஐம்பது மைலுக்கு ஒருக்கா நட்டை இறுக்கிக்கிட்டே இரு."

"சரிண்ணே" என்றேன்.

ஐம்பது மைல் முடிந்த நாள், ஆயுத பூசைக்கு முந்தின நாள். அன்று பட்டறையில் வண்டிவேலை நடக்கவில்லை. சாவி, சுத்தியல், அரம் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, செங்கல் தூள் போட்டுத் தேய்த்து வைப்பதுதான் வேலை. அந்த நட்டுக்கு உரிய பெரிய சாவியை நான்தான் தேய்த்தேன். பளபளவென்று ஆனபிறகு, அதை எடுத்துக்கொண்டு செம்மண்ணில் படுக்க மனம் வரவில்லை. நாளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பூசையன்று காலையில் கருவிகளெல்லாம் அம்மன் படத்துக்கு முன்னால் வாழையிலையில் சந்தனமும் குங்குமமும் வைத்து அடுக்கப்பட்டிருந்தன. மறுநாள் மறுபூசை செய்து எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. லோரிக்கும் மாலை போட்டாயிற்று. அப்போது தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து முனியன் ஓடிவந்தான். பால்மரம் வெட்டுகிறவன், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பாலெடுப்பவன். அவன் மனைவி அஞ்சலைக்கு முந்தின நாளிலிருந்தே பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். துரை சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

காத்தான் லோரியைப் பட்டறை வாசலுக்குக் கொண்டுவந்தான். இறங்கி நேராக வந்து பெட்டியில் உட்கார்ந்தான். யாரும் சொல்லவில்லை, தானாகவே. கண்ணை மூடி, சுவரில் இருந்த வட்டத்தைப் பிடித்துக் காட்டினான். நேராகப் போகும்போது சும்மா இருந்த கை, பிரேக் போடுவதாகக் காலை அழுத்தியதும் மெதுவாக இடப்பக்கம் போயிற்று. காலை எடுத்ததும் திரும்பியது.

"நேத்து சாயங்காலத்துல இருந்து இப்படித்தாண்ணே. பிரேக் மிதிச்சா இடப்பக்கம் சாயுது."

அண்ணன் என்னைப் பார்த்தார். "அச்சு நகருது. நட்டை இறுக்கினியா?"

நான் அந்த நாளில் சாமி இல்லை, பூதம் இல்லை என்று லயமெல்லாம் பேசித் திரிந்தவன். பூசையைப் பற்றி முந்தின வருஷம் நான் சொன்ன கேலிக்குக் கங்காணி என்னை அடிக்க வந்தார். அப்படிப்பட்டவனுக்கு, நாலு பேர் பார்க்க அம்மன் முன்னாலிருந்து அந்தச் சாவியை எடுக்கத் தைரியம் வரவில்லை. எடுத்தால், இறுக்கவில்லை என்பதும் தெரிந்துபோகும். இரண்டில் எது பெரிய பயம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"இறுக்கிட்டேண்ணே. நேத்தே" என்றேன்.

யார் வாயையும் நம்பாத மனிதர் அன்று என் வாயை நம்பினார். லோரியின் பின்தட்டில், முனியன் மடியில் கிடந்து அஞ்சலை கத்திக்கொண்டிருந்தாள். "அப்ப பிரேக்காத்தான் இருக்கும். மெதுவாப் போ காத்தான். வளைவுக்கு முன்னாலயே வேகத்தைக் குறை" என்றார் அண்ணன்.

லோரி போயிற்று.

புக்கிட் புத்துஸ் மலையிறக்கத்தில், சிரம்பான் பக்கத்து இரண்டாவது வளைவில் காத்தான் பிரேக் போட்டிருக்கிறான். அச்சின் இடமுனை பின்னால் சறுக்கியிருக்கிறது. அதன்பிறகு ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டிக்கு இடப்பக்கம் ஒன்றுதான். இடப்பக்கம் பள்ளம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காத்தானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள், இடக்கை முறிந்து. அஞ்சலையை ரோட்டோரத்தில் கிடத்திச் சாக்கால் மூடியிருந்தார்கள். சாக்கு வயிற்றின்மேல் உயர்ந்திருந்தது. முனியன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடத்தில் கையை வைத்திருந்தான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அண்ணன் லோரிக்கு அடியில் நுழைந்தார். நானும் குனிந்தேன். இடப்பக்க நட்டின்மேல் விரலை வைத்துத் திருகினார். சாவி இல்லாமலே திரும்பியது. அடுத்ததும். கயிறு பிடித்து அளந்தார்: முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம் இடப்பக்கம் இரண்டு அங்குலம் குறைவு. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

திருநாள், டிரைவர், கள்ளு: இந்த மூன்றையும் சேர்த்துவிட்டால் பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? துரைக்கு யோசிக்க எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியிலேயே போய்க் கேட்டாராம்: "காத்தான், நீ எத்தனை கள்ளு குடிச்சது?" ஒன்றும் குடிக்கவில்லை என்று காத்தான் சொன்னது, அவன் குடித்திருந்ததற்கு இன்னொரு சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கவனக்குறைவாக ஓட்டி உயிரிழக்கச் செய்தான் என்று வழக்கு. சிறை உறுதி, சிறைக்குப் பிறகு கப்பல்.

பட்டறையின் அறிக்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இங்கிலீஷ் தெரிந்தவன் நான்தானே. முன் அச்சு இடப்பக்கம் இரண்டு அங்குலம் பின்தள்ளிக் காணப்பட்டது என்று எழுதினேன். விழுந்த அடியில் தள்ளியது என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒரு வரிகூடப் பொய் இல்லை. அவ்வளவு சுத்தமான இங்கிலீஷை நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. துரை படித்துவிட்டுத் தலையசைத்தார். அண்ணனிடம் நீட்டியபோது, "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்று மட்டும் சொன்னார்.

சிரம்பான் கோர்ட்டில் காத்தானைக் கேட்டார்கள், என்ன நடந்தது என்று. அவன் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தான், நீதிபதியைப் பார்த்தான். பிறகு, வாய் திறக்காமல் கண்ணை மூடிக்கொண்டு, கட்டுப் போட்ட இடக்கையை மார்போடு வைத்து, வலக்கையைக் காற்றில் நீட்டி எதையோ பிடித்தான். நின்றபடியே வலக்காலை அழுத்தினான். கை இடப்பக்கம் போயிற்று. முழு பலத்தோடு வலப்பக்கம் இழுத்தான்; கை வரவில்லை. நெற்றியில் வேர்த்துவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது பரவியது. "இன்னும் போதை இறங்கல போல" என்றது ஒரு குரல்.

அந்த அறையில் அந்தக் கையைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். சாட்சிகளுக்கான பெஞ்சில் என் தொடைமேல் என் கைகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொருவர் எழுந்தார். முறைப்படி கூப்பிட்டபிறகுதான் பேச வேண்டும் என்று சொல்லி உட்காரவைத்தார்கள். கூப்பிட்டபோது பேசினார்.

"அவன் காட்டினது சரிங்க. பிரேக் போட்டதும் அச்சு நகர்ந்திருக்கு. விழுந்ததால நகரல, நகர்ந்ததாலதான் விழுந்துச்சு. நட்டு இறுக்காம இருந்துச்சு. நான் விரலாலயே திருகிப் பாத்தேன்."

"நட்டை இறுக்க வேண்டியது யார் பொறுப்பு?" என்று கேட்டார் நீதிபதி.

"பட்டறை என் பொறுப்புங்க. நான் பாக்கல."

என் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பதைவிட, சொல்லிவிடுவார் என்ற பயத்தில் மூச்சை அடக்கியிருந்தேன் என்பதே சரி. அவர் சொல்லவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

காத்தானை விட்டுவிட்டார்கள். அண்ணனைத் தோட்டம் வேலையிலிருந்து நீக்கியது. வாரக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். போவதற்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்."

கயிற்றின் இன்னொரு முனையைப் பிடிக்கப் போனேன். அவர் காலால் பெட்டியை மிதித்து, தானே இழுத்து முடிச்சுப் போட்டார்.

"ரெண்டு பேரும் போயிட்டா ஸ்டோர் என்ஜினை யாரு பாக்குறது? நீ கெட்டிக்காரன்னு இல்ல, வேற ஆளு இல்ல. அதோட, நான் கோர்ட்ல பொய் சொல்லல. நீ இறுக்கினியான்னு நான்தான் குனிஞ்சு பாத்திருக்கணும். உன் வாயைக் கேட்டுக்கிட்டு நின்னேன்."

அடுத்த திங்கட்கிழமை நான் பெரிய பிட்டர் ஆனேன். என்னை வாழ்த்த வந்தவர்களில் பெரிய கிராணியும் இருந்தார்; பழைய பிழைகளை மன்னித்துவிட்டார் போலிருக்கிறது. முனியன் வழக்கம்போல விடியற்காலையில் மரம் வெட்டப் பட்டறையைக் கடந்து போவான். என்னை ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. யாரிடம் கேட்பது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

கைக்கட்டை அவிழ்த்ததும் காத்தான் வேலைக்குத் திரும்பினான். லோரியை நான் சரிசெய்து, நீள ஆணி போட்டு, நட்டுகளை இறுக்கி, இறுக்கியதற்கு அடையாளமாகச் சாயக்கோடு போட்டு வைத்திருந்தேன். ரப்பர் ஏற்றியாயிற்று. அவன் ஏறி உட்கார்ந்தான், கிளப்பவில்லை.

"ஏறு" என்றான்.

"எனக்குச் சிரம்பான்ல வேலை ஒண்ணுமில்லையே."

"ஏறு புத்தகம். இடப்பக்கம் உக்காரு. பெரிய சாவியையும் எடுத்துக்க."

ஏறினேன். வண்டி ஏழெட்டு மைல் ஓடியது. பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "நீ இறுக்கலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எப்படி?"

"அண்ணன் கேட்டதும் டக்குன்னு பதில் சொன்ன. நீ எதுக்காவது ரெண்டு வார்த்தையில பதில் சொல்ற ஆளா?"

"தெரிஞ்சும் ஏன் ஓட்டின?"

"அவ கத்திக்கிட்டு இருந்தா. நீ சாவியை எடுத்துட்டு வருவேன்னு ஒரு நிமிசம் என்ஜினை உறுமவிட்டுக்கிட்டு நின்னேன். நீ தூணுக்குப் பின்னால போயிட்ட."

மலையிறக்கத்தில் இரண்டாவது வளைவுக்கு முன்னால் லோரியை ஓரமாக நிறுத்தினான். பள்ளத்தில் முறிந்த செடிகள் மறுபடி தழைத்திருந்தன. என்னைப் பார்க்காமல் கையை நீட்டிக் கீழே காட்டினான்.

இறங்கி, செம்மண்ணில் மல்லாக்கப் படுத்து, இடப்பக்கத்து நான்கு நட்டுகளிலும் சாவியை வைத்து இழுத்துப் பார்த்தேன். எதிரே வந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எழுந்து வந்து உட்கார்ந்ததும் வண்டியை எடுத்தான்.

காத்தான் வேலையை விட்டு ஊருக்குப் போனது ஆறு வருஷம் கழித்து. அதுவரை, வாரத்துக்கு இரண்டு சிரம்பான் பயணத்திலும் நான் இடப்பக்கம் உட்கார்ந்து போனேன். மழையென்றும் பார்க்காமல் அவன் அந்த வளைவில் நிறுத்தினான். நான் இறங்கிப் படுத்தேன். ஒரு தடவைகூட நட்டு திரும்பவில்லை.